விற்றது 140 வெள்ளி, கைக்கு வந்தது எவ்வளவு?

பழைய நாணயமும் நோட்டும் வாங்கி விற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நூறுக்கு எடுத்தேன், நூற்று நாற்பதுக்குக் கொடுத்தேன்" என்பார்கள். நாற்பது வெள்ளி (மலேசிய ரிங்கிட்) லாபம் என்று சொல்பவரும் நம்புகிறார், கேட்பவரும் நம்புகிறார். நேரில் கைமாறிய பொருள் என்றால் அது உண்மை. இணையத்தில் விற்ற பொருள் என்றால் அந்த நாற்பதில் பாதிகூட அவரிடம் இல்லை.

பினாங்கில் பல ஆண்டுகளாக இதைப் பகுதிநேரத் தொழிலாகச் செய்துவருகிறேன். மலாயா காலத்துச் சதுரக் காசு, ஜப்பானியர் ஆட்சியில் அச்சடித்த வாழைமர நோட்டு, மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் முதல் வரிசை நோட்டுகள் ஆகியவைதான் நான் அதிகம் கையாள்பவை. இந்தத் தொழிலுக்குள் புதிதாக வரும் இளைஞர்கள் போட்ட முதலை இழந்துவிட்டு ஓராண்டுக்குள் ஒதுங்கிப்போவதைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை. பொருளைப் பற்றிய அறிவு அவர்களுக்கு இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. கட்டணக் கணக்கை யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நூறு வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்கி, இணைய விற்பனைத் தளத்தில் 140க்கு ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் அஞ்சல் கூலியாக 8 வெள்ளி தருகிறார். கமிஷன், பணப் பரிவர்த்தனைக் கட்டணம், தளத்தின் தள்ளுபடித் திட்டத்தில் சேர்ந்ததற்கான கட்டணம், இவற்றின் மேல் அரசாங்கத்தின் சேவை வரி எல்லாவற்றையும் சேர்த்து 15 விழுக்காடு என்று கொள்கிறேன். திட்டங்கள் பலவற்றில் சேர்ந்தவருக்கு இது இன்னும் கூடும். கூலியையும் சேர்த்து 148 வெள்ளிக்குக் கணக்கிட்டால் கட்டணம் 22 வெள்ளி 20 சென். கெட்டி அட்டை இரண்டு, நெகிழி உறை, ஒட்டுநாடா ஆகியவற்றுக்கு 2 வெள்ளி 50 சென். அந்த 8 வெள்ளி கூலி அப்படியே அஞ்சலுக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது 15 வெள்ளி 30 சென்.

விளம்பரத்தில் "15 விழுக்காடு" என்று படிக்கும்போது சிறியதாகத்தான் தெரிகிறது. அது விற்பனை விலையில் 15. நம்முடைய லாபமாகிய நாற்பதில் அது 55 விழுக்காட்டுக்கும் மேல். வீட்டுப் பரணில் கிடந்த பொருளை விற்பவருக்கு முதல் இல்லை, அவர் தாங்கிக்கொள்வார். தானே செய்த பொருளை விற்பவர்கூட விலையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். காசு போட்டு வாங்கிக் காசுக்கு விற்பவனின் கதை வேறு. அதே நோட்டை 120க்கு எடுத்திருந்தால், 140க்கு விற்ற பிறகும் கையை விட்டு 4 வெள்ளி 70 சென் போகும். நட்டத்துக்கு விற்றோம் என்பதே பலருக்குத் தெரியாது. பணம் வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக வங்கிக்கணக்கில் விழுகிறது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

விலையைக் கூட்டினால் போயிற்று என்பார்கள். கூட்டும் விலைக்கும் கட்டணம் உண்டு. போன 22 வெள்ளி 20 சென் தொகையை மீட்க வேண்டுமானால் ஏறக்குறைய 26 வெள்ளி கூட்ட வேண்டும், அதாவது 166. பக்கத்திலேயே அதே நோட்டை 140க்குப் போட்டிருக்கும் இன்னொருவர் இருக்கிறார். அவர் இந்தக் கணக்கைப் போடாதவர். சந்தை விலையை முடிவு செய்வது அவர்தான். அவர் களைத்துப்போய் விலகும்போது அந்த இடத்துக்கு அவரைப் போலவே இன்னொருவர் வந்துவிடுகிறார்.

இதனால் வரும் ஒரு கேட்டை யாரும் கவனிப்பதில்லை. தளத்தில் "விற்ற விலை" என்று காட்டுவது கட்டணம் கழிக்காத விலை. சேகரிப்பாளர்கள் அதையே பொருளின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அண்மையில் பிறை என்ற ஊரிலிருந்து ஒரு பெரியவர் தம் அண்ணன் சேர்த்து வைத்திருந்த ஆல்பத்தை எடுத்து வந்தார். 1967இல் வெளிவந்த முதல் வரிசைப் பத்து வெள்ளி நோட்டுகள், பழைய மலாய் எழுத்துக்கூட்டலில் அச்சானவை. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் வாங்கிய தேதி பென்சிலால் குறித்திருந்தது. ஒரு நோட்டை எடுத்து விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் செங்குத்தாக ஒரே ஒரு மடிப்பு. கழுவி இஸ்திரி போட்ட நோட்டில் தாளின் சொரசொரப்பு செத்துப்போய் வழவழவென்று இருக்கும். இதில் அச்சு மேடு விரலில் தட்டுப்பட்டது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நீர்க்குறியில் புலித்தலை தெளிவாகத் தெரிந்தது. நல்ல சரக்கு. தொண்ணூறு வெள்ளி தருகிறேன் என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். "தம்பி, இதில் நூற்று நாற்பது என்று போட்டிருக்கிறதே. நீங்கள் தொண்ணூறு சொல்கிறீர்கள்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு தாளை எடுத்து மேலே சொன்ன கணக்கை வரி வரியாக எழுதிக் காட்டினேன். விற்றால் என் கைக்கு வருவது 115 வெள்ளி 30 சென். ஒரு பொருள் திரும்பி வந்தால் போகும் அஞ்சல் செலவு, மாதக்கணக்கில் விற்காமல் கிடந்தால் முடங்கும் முதல், என் நேரம் எல்லாம் மீதமுள்ள இருபத்தைந்துக்குள் அடங்க வேண்டும். "ஐயா, அவசரம் இல்லையென்றால் நீங்களே நேராக ஒரு சேகரிப்பாளரிடம் கொடுங்கள், கூடுதலாகக் கிடைக்கும்" என்றும் சொன்னேன். அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து, "அஞ்சல் கூலிக்குமா கமிஷன்?" என்று கேட்டார்.

எனக்கும் கட்டணங்களில் மிகவும் உறுத்துவது அதுதான். இபே தளத்தின் அமெரிக்கப் பிரிவில் பெரும்பாலான பொருள்களுக்கு விற்பனைக் கட்டணம் 13 விழுக்காட்டுக்கு மேல். பொருளின் விலைக்கு மட்டும் அதைக் கணக்கிடுவதில்லை. வாங்குபவர் கட்டும் அஞ்சல் செலவு, அவருடைய மாநிலத்தின் விற்பனை வரி ஆகியவையும் சேர்ந்த மொத்தத்துக்குக் கணக்கிடுகிறார்கள். அஞ்சல் கூலி அஞ்சல்காரருக்கு, வரி அரசாங்கத்துக்கு. என் பைக்குள் ஒரு கணமும் தங்காத பணத்துக்கு நான் ஏன் கமிஷன் கட்ட வேண்டும்? விலையைக் குறைத்து அஞ்சல் கூலியை உயர்த்திக் கட்டணத்திலிருந்து தப்பித்தவர்கள் முன்பு இருந்தார்கள் என்பது தளங்கள் சொல்லும் காரணம். அப்படிச் செய்பவரைப் பிடிப்பதற்கு எடைக்கேற்ற உச்சவரம்பு வைத்தால் போதும். எல்லோருக்கும் தண்டம் போட வேண்டியதில்லை.

உள்ளூரிலும் சுமை ஏறிக்கொண்டுதான் வருகிறது. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது; தளக் கட்டணங்களுக்கும் அது உண்டு. 2025இல் ஷோப்பி தளம் ஒவ்வொரு ஆர்டருக்கும் 50 சென் தள ஆதரவுக் கட்டணம் கொண்டுவந்தது, வரியோடு 54 சென். ஆயிரம் வெள்ளிப் பொருள் விற்பவருக்கு 54 சென் ஒன்றும் இல்லை. ஐந்து வெள்ளிக் காசு விற்பவருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். 15 விழுக்காடு என்று வைத்தால் 75 சென், இந்த 54 சென் கட்டணத்தையும் சேர்த்தால் 1 வெள்ளி 29 சென். விலையில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. மூன்று வெள்ளிக்கு வாங்கிய காசு என்றால் 71 சென் மிச்சம். அதற்குள் அட்டையும் உறையும் வாங்க வேண்டும்.

அந்தக் காசோ ஐந்து கிராம்கூட இருக்காது. சாதாரண அஞ்சல் உறையில் தபால்தலை ஒட்டிப் போட்டால் போதும். ஆனால் தளம் கண்காணிப்பு எண் கேட்கும், கூரியருக்குத்தான் போக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதில் அடிபடுவது நான் மட்டும் அல்ல, அதனால்தான் இந்தச் சிறு காசைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த மலாயாச் சதுர ஒரு சென், 1943, 1945 என்ற ஆண்டுகளோடு, ஏராளமாகக் கிடைக்கிறது. ஒரு பள்ளி மாணவன் தன் சேமிப்பில் வாங்கக்கூடிய விலைதான். ஒரு பிள்ளை இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைவது அப்படிப்பட்ட காசு வழியாகத்தான். நாலு மூலையும் வளைந்த அந்தச் செம்பைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு "இது எந்தக் காலம்?" என்று கேட்கிறானே, அங்கேதான் ஒரு சேகரிப்பாளன் உருவாகிறான். கட்டணம் ஏற ஏற விற்பவர்கள் இத்தகைய பொருள்களைத் தளத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள், அல்லது ஐந்து வெள்ளிக் காசைப் பன்னிரண்டு என்று போடுகிறார்கள். இரண்டிலும் தோற்பது அந்தப் பிள்ளை. தளங்களுக்கு இந்த இழப்பு கணக்கில் தெரியாது. பத்தாண்டு கழித்துப் பெரிய பொருள்களை வாங்க ஆள் குறையும்போது தெரியும்.

வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்குத் தலைவலி வேறு. டாலரில் வரும் பணத்தை வெள்ளியாக மாற்றும்போது ஓர் இழப்பு. 2024 பிப்ரவரியில் டாலர் ஏறக்குறைய 4 வெள்ளி 80 சென் வரை எட்டியது. அந்தக் கணக்கில் சரக்கு எடுத்தவர்கள், அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளி வலுத்தபோது லாபம் கரைவதைப் பார்த்தார்கள். 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கையும் எடுத்துவிட்டது. இவை எதுவும் தளங்களின் குற்றம் அல்ல. ஆனாலும் எல்லாம் அதே நாற்பது வெள்ளிக்குள்தான் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

தளங்கள் சும்மா பணம் பிடுங்குகின்றன என்று நான் சொல்லமாட்டேன். ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்துகொண்டு நீரிணைக் குடியேற்றங்கள் என்ற அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி 1903இல் வெளியிட்ட, வெள்ளி உலோகத்தாலான டாலர் காசு ஒன்றை ஜெர்மனியில் இருப்பவருக்கு விற்க முடிகிறது என்றால், அது தளத்தால் வந்த வாய்ப்பு. கடை எடுத்தால் வாடகை, ஏல நிறுவனத்திடம் கொடுத்தால் அங்கும் கழிவு. வாங்குபவரிடமே 20 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாக வசூலிக்கும் ஏல நிறுவனங்கள் உண்டு. சேவைக்கு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏலத்தில் அந்தக் கழிவு வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரியும், அதைக் கணக்கிட்டுத்தான் கை தூக்குகிறார். இங்கே விற்பவரின் தலையில் சத்தமில்லாமல் ஏற்றுகிறார்கள். வாங்குபவர் 148 வெள்ளியும் என்னிடம் வந்ததாக நினைத்துக்கொண்டு, "இன்னும் இருபது குறையுங்கள், உங்களுக்குத்தான் நல்ல லாபமாயிற்றே" என்கிறார்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. இபே ஜெர்மனியில் 2023 மார்ச் முதலும் பிரிட்டனில் 2024 அக்டோபர் முதலும் தனிநபர் விற்பனையாளர்களுக்கு விற்பனைக் கட்டணத்தை நீக்கியது. பிரிட்டனில் பிறகு 2025இல் வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றை வாங்குபவர் பக்கம் வைத்தார்கள். அது இலவசம் அல்ல, சுமை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படியும் அதை நான் வரவேற்கிறேன். பாதுகாப்பு வேண்டும் என்பவர் அதற்கான விலையைக் கண்ணால் பார்க்கிறார், பொருளின் விலை பொருளின் விலையாக நிற்கிறது. தொழில்முறை விற்பனையாளர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அதிலும் எனக்குக் குறை இல்லை. மலேசியாவிலும் பரணைச் சுத்தம் செய்து பத்துப் பொருள் விற்பவரையும் கிடங்கு வைத்து விற்பவரையும் ஒரே தராசில் வைக்காமல் இருந்தால் போதும். பொருளை ஏற்றும்போதே "இந்த விலைக்கு விற்றால் உங்கள் கைக்கு இவ்வளவு வரும்" என்று வெள்ளியிலும் சென்னிலும் ஒரே வரியில் காட்டுவதை எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். கணினிக்கு அது ஒரு நொடி வேலை.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விற்கும்போது கணக்குப் போடாதீர்கள், வாங்கும்போது போடுங்கள். விற்கப்போகும் விலையிலிருந்து கட்டணத்தையும் உறைச் செலவையும் கழித்து, வருவதில் கால்வாசியையாவது ஒதுக்கி, மீதியைத்தான் வாங்கும் விலையாகச் சொல்ல வேண்டும். 140 வெள்ளி நோட்டுக்கு அது 86 வெள்ளி சொச்சம் வரும். அந்த விலைக்குக் கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். நல்ல பொருள் கைநழுவுகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், எனக்கும் அடித்துக்கொள்ளும். சிறு காசுகளைப் பத்து, இருபது என்று ஒரே தொகுப்பாகக் கட்டி விற்றால் ஆர்டருக்கு ஒரு முறை பிடிக்கும் கட்டணம் பரவிவிடும். கூரியர் கூலியும் அப்படித்தான். தளத்தில் அறிமுகமானவரை வெளியே இழுத்துவந்து கட்டணம் இல்லாமல் விற்கலாம் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நான் செய்வதில்லை. விதிமீறல் என்பது ஒரு பக்கம், பணம் அனுப்பிய பிறகு பொருள் வராவிட்டால் வாங்கியவருக்கு நாதி இல்லை. ஒரு ஏமாற்றுக்காரன் போதும், எங்கள் எல்லோர் பெயரும் கெட்டுவிடும்.

கட்டணமே இல்லாத விற்பனை நேரில் பார்த்து விற்பதுதான். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை இருக்கிறது. பினாங்கில் எங்களுக்கு லோரோங் கூலிட் சந்தை. இருபது வெள்ளிக்குக் குறைந்த எதையும் இனி நான் தனிப்பொருளாக இணையத்தில் ஏற்றப்போவதில்லை. சதுரக் காசு, வாழைமர நோட்டு, அந்தக் காலத்துத் தபால்தலை என்று வேண்டுபவர்கள் ஞாயிறு காலை லோரோங் கூலிட்டில் கேளுங்கள், பசியாறிவிட்டு அங்கேதான் இருப்பேன். பிள்ளைகளை அழைத்து வந்தால் பெட்டியைத் திறந்து வைக்கிறேன், அவர்களே பொறுக்கி எடுக்கட்டும்.