பியாடகி: நிறம் வேறு, காரம் வேறு

ஒருவர், "பியாடகி மிளகாய் இவ்வளவு சிவப்பாக இருப்பதால் காரமும் பயங்கரம், குழம்புக்கு இரண்டு போதும்" என்கிறார். நேர்மாறு. நிறம் தருவது கேப்சாந்தின், காரம் தருவது கேப்சைசின். கர்நாடகாவின் ஹாவேரி மாவட்டத்துக்காரரான பியாடகியிடம் முதலாவது கொட்டிக் கிடக்கிறது, இரண்டாவது கொஞ்சம்தான். உதட்டுச்சாயத்துக்குக்கூட இதன் சாயம் போகிறது.

நான் குழம்புக்கு எட்டு போடுவேன். வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காயோடு அரைத்தால் விழுது செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். உறைப்புக்குத் தனியாக இரண்டு குண்டு மிளகாய்.

அப்புறம், தோல் சுருங்கியிருப்பதைப் பார்த்துப் பழைய சரக்கு என்று ஒதுக்காதீர்கள், அந்த ரகமே அப்படித்தான். விதை எடுத்து வளர்ப்பவர்கள் பக்கத்தில் கார ரகம் எதையும் வைக்க வேண்டாம். மகரந்தம் கலந்தால் அந்த விதையில் முளைக்கும் செடியில் காரம் ஏறிவிடலாம்.