விரட்டுவதற்காக எழுதிய பக்கம்

கிளாஸ்கோவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அயர்லாந்துப் பூர்வீகம். எந்த ஊர் என்றுதான் தெரியவில்லை. ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பில் கொள்ளுப்பாட்டி பிறந்த இடம் 'அயர்லாந்து', அவ்வளவுதான். அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதிய ஆரம்பித்ததே 1864-இல். அப்புறம் 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போனது ஏராளம்.

கடைசியில் ஊர் அகப்பட்டது கிளாஸ்கோவின் மிட்செல் நூலகத்தில், ஏழை நிவாரண மனுக்களில்.

1880களின் ஒரே ஒரு பக்கம். கொள்ளுப்பாட்டி துணி துவைத்துப் பிழைத்தவர். வேலை தேடிப் போன கணவர் திரும்பவில்லை. பிறந்த பாரிஷ் (தேவாலய வட்டாரம்), பெற்றோர் பெயர், கல்யாணம் நடந்த இடம், பிள்ளைகளின் வயது, குடியிருந்த வீடுகள் வரிசையாக.

என்ன ஒரு அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் 1845 ஏழை நிவாரணச் சட்டப்படி ஒரு பாரிஷில் தொடர்ந்து ஐந்து வருஷம் உழைத்துப் பிழைத்திருந்தால் அங்கே நிவாரண உரிமை உண்டு. இல்லையென்றால் செலவை வேறு பாரிஷ் தலையில் கட்டலாம். அயர்லாந்துக்காரர் என்றால் கப்பலேற்றியும் விடலாம். மனுவை விசாரித்த பாரிஷ் இன்ஸ்பெக்டர் துருவித் துருவிக் கேட்டது அதற்குத்தான். அந்தக் கஞ்சத்தனத்தால்தான் இன்று கொள்ளுப்பேத்திக்கு ஊர் கிடைத்தது.

மனநலக் காப்பக ஏடுகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்பேன். 1857-க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் ஒருவரை உள்ளே அனுப்ப இரண்டு மருத்துவர்களின் சான்றிதழ் வேண்டும். அதில் மருத்துவர் தானே கண்டது ஒரு பகுதி, பிறர் சொன்னது இன்னொரு பகுதி. நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டாவதை. சொன்னது யார்? கணவரா, அண்ணனா, வீட்டுக்காரரா? அதைப் பார்க்காமல், ஏட்டில் இருக்கும் படத்தை எடுத்து 'எங்கள் குடும்பத்துப் பைத்தியம்' என்று சிரிப்புப் பொம்மையோடு பதிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. இந்த ஏடுகளைப் பொதுவாக நூறு வருஷம் பூட்டி வைத்துத்தான் திறக்கிறார்கள். நூறு வருஷம் ஆனால் அவர்களுக்கு மானம் இல்லை என்று ஆகிவிடுமா என்ன?

சரி, கொள்ளுப்பாட்டியின் மனு என்னவாயிற்று? பணம் தரவில்லை. பிள்ளைகளோடு ஏழையர் விடுதிக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா விடுதியின் சேர்க்கைப் பேரேட்டை இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினார். கொள்ளுப்பாட்டியின் பெயர் அதில் இல்லை.