சூயிங்கம் கேட்கவில்லையா, மெல்லும் விதத்தைப் பாருங்கள்

பொது இடத்தில் புகைத்தால் அபராதம், பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற விதி எல்லாம் புகையிலைச் சட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில் சரியாக வந்திருக்கிறது. பீடி, சிகரெட்டை நிறுத்த நினைப்பவருக்கு மட்டும், புகைக்கும் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் 'நிகோடின் சூயிங்கம்' என்று ஒரே வரியோடு முடித்துவிட்டீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் 'அது கேட்கவில்லை' என்று தூக்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பபிள்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருப்பார்கள்.

மெதுவாக மெல்ல வேண்டும். சுரீரென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கணும். காரம் அடங்கினால் மறுபடி மென்று, இடம் மாற்றி ஒதுக்கணும். இப்படி அரை மணி நேரம். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேரும். வயிற்றுக்குப் போனால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். டீ, காபி, சோடா குடித்து கால் மணிக்குள் போட்டாலும் வீண், வாயில் அமிலம் இருந்தால் சரியாக ஏறாது. டீக்கடை பெஞ்சிலேயே பீடி பற்றவைக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விடலாமா?

எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி தேடுபவருக்கு 2 மில்லிகிராம் நிகோடின் உள்ள சூயிங்கம் பெரும்பாலும் போதாது. 4 மில்லிகிராம் பற்றி டாக்டரிடம் கேட்கட்டும். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு படிப்படியாகக் குறைத்து 12 வாரத்தில் நிறுத்தம்.

புகையிலையை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் யோசனை கிடைக்கும். சில்லறையாக ஒன்றிரண்டு சிகரெட் வாங்குபவர் கண்ணில் அது படுவதே இல்லை, பாக்கெட் மேல்தானே அச்சடித்திருக்கிறார்கள்.