கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டியது

'முடி திரும்ப வளர்ந்துவிடும், வாழ்க்கையும் பழையபடி ஆகிவிடும்' என்று மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. முடி வளரும், உண்மைதான். எனக்கு 31 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. முதல் கீமோ (புற்றுநோய் செல்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சை) முடிந்த 16-ஆம் நாள் காலை, தலையணை உறை முழுக்க முடி. அதற்கு மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் மாதவிடாய் நின்றுபோய், நடுராத்திரியில் உடம்பெல்லாம் சூடேறி, நைட்டி தொப்பலாக நனைந்து எழுந்து உட்கார்வேன் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஐம்பதில் வந்தது எனக்கு அப்போதே வந்துவிட்டது.

சில கீமோ மருந்துகள் சினைப்பையைப் பாதிக்கும். பின்னாளில் குழந்தை பெறுவதற்காகக் கருமுட்டையை எடுத்து உறைய வைப்பதென்றால் முதல் கீமோவுக்கு முன்பே செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரம் போதும். என்னிடம் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இந்த நோய் வந்த தங்கைகளே, முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கல்யாணம் ஆகவில்லையே என்று தயங்க வேண்டாம்.

அப்புறம், எனக்கு வந்தது ஹார்மோன் சார்ந்த வகை. அதற்கு, ஹார்மோன் அந்தப் புற்றுநோயை வளர்க்காமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10 வருடம். அதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. குழந்தைக்காக இடையில் 2 வருடம் வரை மாத்திரையை நிறுத்திய பெண்களைப் பற்றி 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. குறுகிய காலத்தில் நோய் திரும்புவது அவர்களுக்கு அதிகரிக்கவில்லை. நானும் என் டாக்டரும் இப்போது அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.