மாமாவின் பத்துப் பேர்ச்

முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என் மாமா. தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. 55 வயதில் கைக்கு வந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் ஹட்டன் பக்கம் பத்துப் பேர்ச் காணி வாங்கினார். "இது தனி உறுதிதானே?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்; வேறு யாருக்கும் பங்கில்லாத காணிப் பத்திரமா என்று அர்த்தம். "தனி உறுதிதான் அண்ணே, நாளைக்கே வீடு கட்டலாம்" என்று பதில் வந்திருக்கிறது. உறுதி சிங்களத்தில் இருந்தது. மாமாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வேலி போடப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் வாங்கியது ஒரு பெரிய காணியில் பிரிக்கப்படாத பங்கு என்று. இன்னும் ஏழு பேருக்கு அதில் உரிமை.

காணிப் பிரச்சினையை விட ஊர் பேசுவதுதான் எனக்கு வலிக்கிறது. "வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தனக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" கோயிலில், கடையில், சொந்த வீட்டிலும் இதே கேள்வி.

1881இல் இங்கிலாந்தில் ரெட்கிரேவ் எதிர் ஹர்ட் என்று ஒரு வழக்கு. ஒரு சட்டத்தரணி, தன் தொழிலில் வருஷத்துக்கு 300 பவுண் வருகிறது என்று சொல்லி, பங்காளியாகச் சேர வந்தவரிடம் தன் வீட்டையும் விற்கப் பேசினார். அவ்வளவு வருமானம் இல்லை. வந்தவர் காகிதங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. 'பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே' என்ற வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. பொய்யான வார்த்தையை நம்பியவர் அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார்.

சட்டம் 'பிழையான எடுத்துரைப்பு' என்பது இதைத்தான். "காத்தோட்டமான இடம்" என்றால் அது அபிப்பிராயம். "தனி உறுதி" என்றால் அது உண்மை பற்றிய கூற்று, சொன்னவர்தான் பொறுப்பு. நம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு, நேர்மையில்லாமல் ஒன்றை மறைப்பதையும் ஏமாற்றுதலாகவே பார்க்கிறது. காணி விற்பனை நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும்தான் எழுதப்பட வேண்டும் என்று சொல்லும் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். மாமாவின் உறுதியிலும் நொத்தாரிசும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவருடைய மொழியில் சொல்லத்தான் ஆளில்லை.

"தேயிலைத் தூர்ல தேங்காயும் மாசியும் கெடக்கும்" என்று ஆள் சேர்க்க வந்த கங்காணி சொன்னதை நம்பி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் நாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நம் பாட்டன்மாரின் வெகுளித்தனத்தைச் சொல்லிச் சிரிக்கிறோம். பஞ்சத்தில் கிடந்தவனிடம் அப்படிச் சொல்லிக் கப்பலேற்றியவனை ஏன் விட்டுவிடுகிறோம்? மாமாவைக் கேள்வி கேட்கும் அதே வாய்தான் அங்கேயும் சிரிக்கிறது. எனக்கு இது தாங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த உறுதியை வரிவரியாக வாசித்து மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். முடியும்வரை பேசாமல் இருந்தார். பிறகு காகிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நான் கேட்டேனே, அதுக்கு அவன் சொன்னது இதுல எங்க இருக்கு?"