கட்டையைப் பிளக்காதீர்கள்
"ஓக் காட்டில் அரிய வண்டைப் படமெடுக்க உளுத்த கட்டையைப் பிளப்பதுதான் வழி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. அந்த அரிய வண்டு, அதாவது ஆணுக்குத் தலையில் மான்கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஐரோப்பிய மான்கொம்பு வண்டு (stag beetle), அதன் புழு மண்ணுக்கடியில் மக்கும் மரத்தைத் தின்று 3 முதல் 7 வருடம் வரை வளர்கிறது. பிளந்தால் கட்டை காய்ந்துவிடும், புழு பிழைப்பது கஷ்டம். படமும் தேறாது; கிடைப்பது சுருண்டு கிடக்கும் வெளுத்த புழுதான், கொம்பெல்லாம் இருக்காது.

கொம்போடு வேண்டுமா, ஜூன் மாதம் புழுக்கமான மாலையில், பொழுது சாயும் நேரத்தில் காட்டோரமாக நில்லுங்கள். ஆண் வண்டு உடம்பை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி, கனத்த ரீங்காரத்தோடு பறந்து வரும். அப்புறம், ஓக் பட்டையில் சாறு கசியும் இடங்களையும் பாருங்கள், நக்கிக்கொண்டே நிற்கும். அந்தக் 'கொம்பு' உண்மையில் தாடை. நேர் மேலிருந்து எடுத்தால் அதன் கிளை நன்றாகத் தெரியும்.