மூடியைத் திறந்தது யார்?

அந்தக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எடுத்தது. இடுக்கியில் ஒரு கருப்புக் கட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் திருதிருவென விழிக்கிறேன். கீழே நண்பர் எழுதியிருக்கிறார்: "1,500 டாலர் பச்சை முட்டை. குஞ்சு பொரிக்கவில்லை, கரிதான் பொரித்தது." 46 பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். அதில் 11 பேர் அன்றைக்கு என் வீட்டில் கை நனைத்தவர்கள்.

நகைச்சுவை எனக்கும் புரிகிறது. முட்டை வடிவத்தில் பச்சை நிறத்தில் ஓர் அடுப்பைச் செய்து, அதற்குப் 'பிக் கிரீன் எக்' என்று பெயரும் வைத்தால், தமிழ்க் காதுக்கு அது வேகாத முட்டையாகத்தான் கேட்கும். இந்தக் கேலியை நானே பத்து முறை செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். மூடியைத் திறந்தது யார்?

காலை 6 மணிக்குக் கரி மூட்டினேன். 7 மணிக்கு மூன்று ஆட்டு முன்னந்தொடைகள் உள்ளே போயின. முந்தைய இரவே மல்லி, மிளகு, பூண்டு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை தடவி ஊறவைத்தது. கரிக்கு நடுவே புகை வாசத்துக்காக இரண்டு துண்டு பீகன் மரக்கட்டை. முள் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் போய் நின்றது, மதியம் 1 மணி வரை அங்கேயே நின்றது. இன்னும் ஒன்றரை மணி நேரம் விட்டிருந்தால் எலும்பைப் பிடித்து இழுத்தாலே கறி கழன்று வந்திருக்கும். நான் வெங்காயம் நறுக்க உள்ளே போனேன். அந்த நேரத்தில் நண்பர் மூடியைத் தூக்கி, புகை அழகாக வருகிறது என்று படம் எடுத்திருக்கிறார். அவரே அன்று மதியம் போட்ட முதல் காணொளியைப் போய்ப் பாருங்கள். 2 நிமிடம் 40 நொடி. தொடக்கம் முதல் முடிவு வரை மூடி திறந்தே இருக்கிறது. கடைசியில் "நெருப்பு மந்தமாக இருக்கிறதே" என்று அவர் குரல் கேட்கிறது, ஒரு கை குனிந்து கீழே உள்ள காற்றுக் கதவை முழுதாக இழுத்துவிடுகிறது. அந்தக் கையில் இருக்கும் கடிகாரம் யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை.

அரை மணி நேரம் கழித்து நான் வந்தபோது முள் 550-ஐத் தாண்டியிருந்தது. கொழுப்பு சொட்டும் தட்டு பற்றி எரிந்துகொண்டிருந்தது. நாட்டுச் சர்க்கரை கருகினால் எப்படி மணக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

"மூடியைத் திறந்தால் சூடு வெளியே போய்விடும், அவ்வளவுதானே? அதற்கு எப்படிக் கருகும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இந்த அடுப்பில் நடப்பது நேர்மாறானது. உள்ளே கரி நிறைய இருக்கும், ஆனால் எரிவது ஒரு பிடிதான். மற்றதெல்லாம் காற்றுக்காகக் காத்துக்கிடக்கும். கீழே ஒரு விரல் அகலத் திறப்பு, மேலே ஒரு சிறு துளை. அந்த இரண்டும்தான் கடிவாளம். மூடியைத் தூக்கிய மாத்திரத்தில் கடிவாளத்தை அறுத்துவிட்டதாக அர்த்தம். காற்று கொட்டுகிறது, கரி முழுதும் கண் திறக்கிறது. பிறகு மூடினால் அந்தச் சூடு முழுவதும் உள்ளேதான். இரும்பு அடுப்பு என்றால் கொஞ்ச நேரத்தில் ஆறும். இது கனத்த பீங்கான். ஒருமுறை சூட்டைக் குடித்துவிட்டால் காற்றை முற்றிலும் அடைத்தாலும் இறங்கி வர மணிக்கணக்காகும். தண்ணீர் ஊற்றலாமே என்பவர்களுக்கு: ஊற்றினால் பீங்கான் வெடிக்கும். ஆகவே மூடியைத் திறக்காதீர்கள்.

இப்போது பணக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் உறுத்துவது கறி கருகியதல்ல, அந்த 1,500 டாலர்.

நான் 1,500 டாலர் கொடுக்கவில்லை. 400 கொடுத்தேன். நாலு தெரு தள்ளி ஒரு வயதான தம்பதி வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடா போனார்கள், அவர்களிடமிருந்து வாங்கினேன். உள்ளே கரி போடும் கிண்ணத்தில் ஒரு விரிசல் இருந்தது, இப்போதும் இருக்கிறது, எரிவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பீங்கானுக்கு நிறுவனம் தரும் ஆயுட்கால உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், எனக்குக் கிடையாது. தெரிந்தேதான் வாங்கினேன். 18 அங்குலத் தட்டு கொண்ட அளவு அது, எடை 70 கிலோவுக்கு மேல். இரண்டு பேராகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். இரண்டாவது ஆள் யார் தெரியுமா? காணொளி எடுத்தவரேதான். 400 டாலர் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். 400 என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

சரி, 1,500-ஏ கொடுத்திருந்தால்தான் என்ன? ஒவ்வொருவர் வீட்டிலும் 75 அங்குலத் தொலைக்காட்சி சுவரை மறைக்கிறது, அதை யாராவது படம் எடுத்துப் போட்டோமா?

கேஸ் கிரில் வாங்கியிருக்கலாமே என்பார்கள். வாங்கினேன், மூன்று வருடம் வைத்திருந்தேன், தோசைக்கல் சூடாவதைப் போலச் சூடானது, கறியில் புகை வாசம் என்று எதுவும் ஏறவில்லை. வெபர் கெட்டில் என்ற உருண்டைக் கரி அடுப்பு மீது எனக்கு மரியாதை உண்டு. 1952இல் வந்த வடிவம், இன்றைக்கும் கொடுத்த காசுக்கு மோசம் செய்யாது. ஆனால் அதன் தகரம் மெலிது. எட்டு மணி நேரம் சூட்டை ஒரே அளவில் நிறுத்த, பக்கத்திலேயே உட்கார்ந்து கரி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பீங்கான் அடுப்பில் ஒருமுறை நிரப்பினால் போதும். வேலை முடிந்து இரண்டு துளைகளையும் அடைத்தால் மிச்சக் கரி அணைந்து அடுத்த வாரத்துக்கு ஆகும். காற்று குறைவாக ஓடுவதால் கறி வறண்டு போவதும் இல்லை. இதற்காகத்தான் வாங்கினேன், அந்தஸ்துக்காக அல்ல.

"வெள்ளைக்காரன் பழக்கம்" என்ற கருத்தையும் பார்த்தேன். ஐயா, இது ஜப்பானியர் சோறு பொங்கிய அடுப்பு. இந்த வகை அடுப்புக்குக் கமாடோ என்று பெயர், அவர்கள் மொழியில் அதற்கு அடுப்பு என்றுதான் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குத் தூக்கி வந்தார்கள். 1974இல் எட் ஃபிஷர் என்பவர் இங்கே, நம் அட்லாண்டாவில், கடை வைத்து விற்கத் தொடங்கினார். பழைய மண் அடுப்புகள் விரிசல் விட்டதால் பிறகு பீங்கானுக்கு மாறினார்கள். நாம் குடியிருக்கும் ஊரின் அடுப்பு இது. நமக்குத்தான் தெரியவில்லை.

சைவக்காரர்களுக்கு: கத்தரிக்காயைச் சுட்டுக் கொடுத்தேன், மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். புகை உடம்புக்கு ஆகாது என்பவர்கள் சாப்பிடாமல் இருக்கலாம்.

நான் தவறே செய்யாதவன் என்று சொல்லவில்லை. வாங்கிய இரண்டாம் வாரம் பீட்சா சுடுகிறேன் என்று 650 டிகிரிக்கு ஏற்றி, துளைகளைக் கொஞ்சம் அடைத்துவிட்டு, நினைவில்லாமல் மூடியைச் சடாரென்று தூக்கினேன். காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்த நெருப்பு முகத்துக்கே வந்தது. வலது கையில் ஒரு முடி மிச்சமில்லை. புருவம் பாதி போயிற்று. "வீட்டுக்குள் என்ன கோழி வாட்டும் வாசனை?" என்று மனைவி கேட்டாள். முதலில் இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி, ஏப்பம் விடுவதுபோல் விடவைத்து, பிறகுதான் முழுதாகத் திறக்க வேண்டும். இந்தச் சனிக்கிழமை நண்பருக்கு ஒன்றும் ஆகாதது அவர் அதிர்ஷ்டம். அது 250 டிகிரியில் இருந்த என் அடுப்பின் பெருந்தன்மை என்றும் சொல்லலாம்.

என் அப்பா ஊரில் தினமும் விடியற்காலை 5 மணிக்கு வெந்நீர் பாய்லர் மூட்டுவார். தாமிர பாய்லர், நடுவில் கரிக்குழாய். சிரட்டையும் கரியும் போட்டு, விசிறியால் நாலு வீச்சு, பிறகு மூடிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் குழாய்க்குள் எட்டிப் பார்க்கப் போனால் அதட்டுவார். "நெருப்பை வேடிக்கை பார்க்காதே. பார்த்தால் கை சும்மா இருக்காது." ஏழெட்டு வயதுப் பையனுக்கு அது வெறும் அதட்டலாகத்தான் கேட்டது.

2021 மே மாதம் அப்பா போனார். விமானம் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் போய்ச் சேர முடியாத நிலைமை. என் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் இங்கே படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். படம் இரண்டு முறை உறைந்து நின்றது. அந்த ஜூன் மாதம்தான் இந்த அடுப்பை வாங்கினேன். ஏன் வாங்கினாய் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலைகளில் கரி மூட்டிவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எட்டு மணி நேரம். மூடியிருக்கும் அடுப்பில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

இதைப் போன் வழியாகப் பார்ப்பதில் எனக்கு விருப்பம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன். "ஒரு விளையாட்டுக் காணொளிக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவு பெரிய பதிவுதான். நான்கு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் வந்து சாப்பிட்ட ஒரு கோழியையும் யாரும் படம் எடுக்கவில்லை. கருகிய அன்றைக்குத்தான் கேமரா கண்ணைத் திறந்தது. அன்று இரவு 11 மணிக்குச் சாம்பல் வாரியபோது அது எங்கே இருந்தது?

மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்கறியை மனைவி மறுநாள் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்த வருடம் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் ருசி. எனவே கரி பொரித்தது என்பதும் முழு உண்மையல்ல.

வருகிற ஞாயிறு மறுபடி மூட்டுகிறேன். இரண்டு முன்னந்தொடை. 46 பேரும் வரலாம், அவரும் வரலாம். 3 மணிக்கு வந்தால் போதும், அதற்கு முன் அங்கே வேலை எதுவும் இல்லை. வரும்போது கறிக்குள் குத்திப் பார்க்கும் என் தெர்மாமீட்டரையும் எடுத்து வரச் சொல்லுங்கள். சனிக்கிழமையிலிருந்து காணவில்லை, காணொளியில் கடைசியாக அவர் சட்டைப்பையில் இருக்கிறது.